‘சந்தேகம்’ வேறு, ‘டவுட்’ வேறு: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலம் பேசும்போதும் எழுதும்போதும் நாம் அடிக்கடி பிழைபடக் கையாளும் சொற்களைக் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பல ஒரே சொல்லைச் சுற்றியே அமைந்திருந்ததால், அவற்றை ஒன்றாக்கி விடை எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்ல விரும்புகிறேன். நம் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. தமிழில் நினைத்ததை ஆங்கிலச் சொல்லில் ஊற்றும்போது வருபவை. ஆகவே அவற்றைத் திருத்தும் வழியையும் தமிழிலிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு.

கேள்வி: நான் வங்கியில் பணியாற்றுகிறேன். ஓர் ஆவணத்தில் இருந்த கையெழுத்து போலியாக இருக்கக்கூடும் என்று தோன்றியதால், ‘ஐ டவுட் தட் த சிக்னேச்சர் இஸ் ஃபோர்ஜ்ட்’ என்று வெளிநாட்டுக் கிளைக்கு எழுதினேன். கையெழுத்து சரியானது என்று நான் கருதுவதாக அவர்கள் புரிந்துகொண்டார்கள். என் வாக்கியத்தில் என்ன பிழை? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இலக்கணத்தில் பிழை இல்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒன்றை ‘டவுட்’ செய்வது என்றால் அது உண்மையாக இருக்காது என்று எண்ணுவது. ‘சஸ்பெக்ட்’ செய்வது என்றால் அது உண்மையாக இருக்கக்கூடும் என்று எண்ணுவது. நீங்கள் எழுதியதன் பொருள், ‘கையெழுத்து போலி என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பதே. ‘ஐ சஸ்பெக்ட் தட் த சிக்னேச்சர் இஸ் ஃபோர்ஜ்ட்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் நினைத்தது அவர்களைச் சென்று சேர்ந்திருக்கும்.

தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்வதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். ஆனால் தமிழ் அந்த இரண்டையும் கலந்துவிடுவதில்லை; சொல்லால் பிரிக்காமல் வாக்கிய அமைப்பால் பிரிக்கிறது. ‘அவர் வருவாரா என்பது சந்தேகம்’ என்னும்போது வினைச்சொல்லின் இறுதியில் வினா எழுத்தாகிய ‘ஆ’ வருகிறது. அவர் வரமாட்டார் என்பதே நம் எண்ணம். ‘அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்’ என்னும்போது வினா எழுத்து இல்லை, ‘என்று’ வருகிறது. அவர் எடுத்தார் என்பதே நம் எண்ணம். மனத்தில் எழும் தமிழ் வாக்கியத்தில் ‘வருவாரா’, ‘நடக்குமா’, ‘உண்மையா’ என்று வினா இருந்தால் ‘டவுட்’, ‘என்று’ இருந்தால் ‘சஸ்பெக்ட்’. என் மாணவர்களுக்கு இந்த ஒரு வழியைச் சொன்ன பிறகு அவர்கள் இச்சொற்களில் தடுமாறியதில்லை.

ஸ்காட்லாந்தின் பேச்சு வழக்கில் இன்றும் ‘ஐ டவுட்’ என்பது ‘அப்படித்தான் ஆகும் என்று அஞ்சுகிறேன்’ என்ற பொருளில் வழங்குகிறது. மழை வரும்போல் இருந்தால் அங்குள்ள முதியவர் ‘ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்’ என்பார். நம் ‘சந்தேகம்’ அந்த வழக்கோடு பொருந்துகிறது. ஆனால் வங்கிக் கடிதத்தில் அதை நம்பி எழுத முடியாது.

கேள்வி: அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சென்ற என் மகள், வகுப்பில் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொன்னபோது பேராசிரியர் சற்று முகம் மாறியதாக எழுதியிருந்தாள். இதுவும் அதே பிழைதானா? (திருச்சி வாசகி)

பதில்: அதே சொல்தான், ஆனால் இங்கே பொருள் வேறு வழியில் விலகுகிறது. நம் வகுப்பறைகளில் ‘சந்தேகம் கேட்பது’ மாணவரின் கடமை. ‘ஐயம்’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் புரியாததைக் கேட்டுத் தெளிதல் என்ற பணிவான பொருளில்தான் வழங்குகிறது. அமெரிக்கரின் செவியிலோ ‘எனக்கு ஒரு டவுட் இருக்கிறது’ என்பது, ‘நீங்கள் சொல்வது சரியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை’ என்பதுபோல ஒலிக்கும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று சொன்னால் போதும். ஸ்பானிய மொழியிலும் ‘தூதா’ என்ற சொல் ஐயத்தையும் வினாவையும் சேர்த்தே குறிப்பதால், அம்மொழி பேசுவோரும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் தவறுகிறார்கள். உங்கள் மகள் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து செல்லும் மாணவர்களைப் பல ஆண்டுகளாக அறிந்த பேராசிரியர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பது தவறு என்கிறார்கள். ‘டிஸ்கஷன் அபவுட்’ மட்டும் எப்படிச் சரியாகிறது? (நாமக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: ‘டிஸ்கஸ்’ என்ற வினைச்சொல்லுக்குள்ளேயே ‘ஒன்றைப் பற்றிப் பேசுதல்’ என்ற பொருள் முழுமையாக அடங்கியிருக்கிறது. ஆகவே அது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும்: ‘வி டிஸ்கஸ்ட் த பட்ஜெட்’. பெயர்ச்சொல்லான ‘டிஸ்கஷன்’ அப்படிச் செயப்படுபொருளை ஏற்க முடியாததால் அதற்கு ‘அபவுட்’ என்ற துணை வேண்டியிருக்கிறது. ‘எம்ஃபசைஸ்’ என்ற வினைக்குப் பின் ‘ஆன்’ வராது, ‘எம்ஃபசிஸ்’ என்ற பெயருக்குப் பின் வரும். ‘ரிக்வஸ்ட்’, ‘ஆர்டர்’, ‘டிமாண்ட்’ ஆகிய மூன்றும் வினையாக நிற்கும்போது ‘ஃபார்’ இல்லாமலும் பெயராக நிற்கும்போது ‘ஃபார்’ உடனும் வரும். ‘வி ரிக்வஸ்டட் லீவ்’ என்றும், ‘மை ரிக்வஸ்ட் ஃபார் லீவ்’ என்றும் எழுத வேண்டும்.

இங்கும் தமிழ் பாதி வழி துணைக்கு வருகிறது. ‘தூய்மையை வலியுறுத்தினார்’, ‘மதுரையைச் சென்றடைந்தோம்’ என்று இரண்டாம் வேற்றுமையில் நாம் சொல்வதை ஆங்கிலமும் இடைச்சொல் இல்லாமல்தான் சொல்லும். ‘ரீச்’ என்ற சொல்லுக்குப் பின் ‘டு’ சேர்ப்பவர்கள், ‘மதுரைக்கு வந்தோம்’ என்ற வாக்கியத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள். ‘மதுரையை அடைந்தோம்’ என்று நினைத்தால் ‘டு’ தானே விலகிவிடும். ஆனால் ‘டிஸ்கஸ்’ இந்த வழிக்கு வராது. நாம் ‘பட்ஜெட்டைப் பற்றி விவாதித்தோம்’ என்றே இயல்பாகச் சொல்வதால், அந்த ஒரு சொல்லை மட்டும் தனியே மனத்தில் பதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் எப்படிப் பிரிப்பது? (வேலூர் மாணவர்)

பதில்: ‘பத்து ஆண்டுகளாக இங்கே வாழ்கிறேன்’ என்பதில் உள்ள ‘ஆக’ என்பதற்கு ‘ஃபார்’, ‘2015 முதல் இங்கே வாழ்கிறேன்’ என்பதில் உள்ள ‘முதல்’ என்பதற்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது தமிழில் ‘பத்து ஆண்டுகள் முதல்’ என்று சொல்வதற்கு ஒப்பாகும். நீங்கள் தமிழில் ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டீர்கள். ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ என்று எழுதுவோருக்கும் இதையே சொல்வேன்: ‘என் நண்பர்களுள் ஒருவர்’ என்று தமிழில் பன்மையில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் ஏன் ஒருமையாக்க வேண்டும்? ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்’ என்பதே சரி.

கேள்வி: என் சித்தப்பா மகனை ‘கசின் பிரதர்’ என்று அறிமுகப்படுத்தினேன். கனடாவில் வளர்ந்த என் பேரன், அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை என்று திருத்துகிறான். என் சகலையை ‘கோ பிரதர்’ என்று சொல்வதும் தவறா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கனடாவின் ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டால் உங்கள் பேரன் சொல்வது சரி. ஆனால் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தின் ‘கசின்’ பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளைகள் அனைவரையும் ஆண், பெண் வேறுபாடுகூட இல்லாமல் ஒரே கூடையில் போடுகிறது. தமிழ் உறவுமுறையில் சித்தப்பாவின் மகனும் பெரியம்மாவின் மகனும் அண்ணன், தம்பிகளே. அவர்களுக்கு வேறு பெயர் கிடையாது. அத்தை மகனும் மாமன் மகளும் அவர்களிலிருந்து முற்றிலும் வேறான உறவு. திருமணத்திற்குரிய முறை உடையவர்கள். ஆகவே ‘கசின்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், உடன்பிறந்தவனாக நாம் எண்ணும் ஒருவனை வெறும் உறவினனாகத் தள்ளிவைத்ததுபோல் மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலை ஆற்றவே நம்மவர் ‘பிரதர்’ என்பதைச் சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட தம் பெரிய ஆய்வில் தமிழ் உறவுமுறைச் சொற்களையும் வட அமெரிக்கத் தொல்குடியினரான செனகா மக்களின் உறவுமுறைச் சொற்களையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். நம் ‘அண்ணன்’, ‘அத்தான்’ என்ற வேறுபாட்டுக்குள் அத்தனை நுட்பம் இருக்கிறது.

‘சகலை’யின் கதையும் இதுவே. மனைவியின் சகோதரியுடைய கணவரையும், மனைவியின் சகோதரரையும், அக்காளின் கணவரையும் ஆங்கிலம் ‘பிரதர் இன் லா’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. நாம் சகலை, மைத்துனர், அத்தான் என்று பிரிக்கிறோம். ‘கோ பிரதர்’, ‘கோ சிஸ்டர்’ ஆகியவை சகலைக்கும் ஓரகத்திக்கும் தென்னிந்தியர் உண்டாக்கிக்கொண்ட சொற்கள். நம்மிடையே அவற்றைப் பேசுவதில் குறையில்லை. கனடாவில் ‘மை கசின்’ என்று சொல்லுங்கள். உறவை விளக்க விரும்பினால் ‘மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்ஸ் சன்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பேரனிடம் பேசும்போது மட்டும் ‘என் சித்தப்பா மகன்’ என்றே சொல்லுங்கள். உங்கள் சித்தப்பா மகன் அவனுக்குச் சின்னத் தாத்தா அல்லது பெரிய தாத்தா என்பதையும் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று தன்விவரக் குறிப்பில் எழுதலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: எழுத வேண்டாம். பொதுவான ஆங்கிலத்தில் ‘பாஸ் அவுட்’ என்பது மயங்கி விழுவது. இராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் அச்சொல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பொருந்தும். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் நடப்பதும் ‘பாசிங் அவுட் பரேட்’ என்றே அழைக்கப்படுகிறது. கல்லூரிக்கு ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2019’ என்று எழுதுங்கள். அதே குறிப்பில் ‘ஐ ஆம் ஆன் அலும்னை’ என்று எழுதியிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். ‘அலும்னை’ லத்தீன் பன்மை. ஒருவரானால் ஆணுக்கு ‘அலும்னஸ்’, பெண்ணுக்கு ‘அலும்னா’.

கேள்வி: அலுவலகத்தில் எல்லாரும் ‘ப்ளீஸ் ரிவர்ட் பேக்’, ‘ப்ரீபோன் த மீட்டிங்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் தவறு என்று ஒரு பயிற்சியாளர் கூறினார். (சென்னை வாசகி)

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

‘ரிவர்ட்’ என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புதல். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கு ‘ரிவர்ட்’ ஆகிறது; விட்டொழித்த பழக்கத்துக்கு ஒருவர் மீண்டும் ‘ரிவர்ட்’ ஆகிறார். ‘பதில் எழுது’ என்ற பொருள் இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் அலுவலக ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது என்றாலும், லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் அதைப் படித்துவிட்டு, எந்த நிலைக்குத் திரும்பச் சொல்கிறார்கள் என்று திகைக்கக்கூடும். ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் இருக்கிறது, அதையே எழுதுங்கள். ‘பேக்’ எப்படியும் மிகை, ஏனெனில் ‘ரி’ என்ற முன்னொட்டே ‘திரும்ப’ என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ‘திருப்பிக் கொடு’ என்று இரு சொற்களால் சொல்லும் நம் வழக்கம்தான் ‘ரிட்டர்ன் பேக்’ என்று நம்மை எழுத வைக்கிறது.

‘ப்ரீபோன்’ அப்படியன்று. அதை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். ‘போஸ்ட்போன்’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல்லாக இந்தியர்கள் பரவலாக வழங்கும் இச்சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஏற்றுக்கொண்டிருக்கிறது; 1913ஆம் ஆண்டிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு வந்த ஒரு கடிதத்தில் இச்சொல் முன்மொழியப்பட்டது. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘மூவ் த மீட்டிங் ஃபார்வர்ட்’ என்ற தொடரைப் பாருங்கள். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்ட்’ நகர்த்தினால் திங்கள்கிழமையா, வெள்ளிக்கிழமையா என்று கேட்டால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இரு பிரிவாகப் பிரிந்து விடை சொல்வார்கள். ‘ப்ரீபோன்’ அந்தக் குழப்பத்துக்கு இடமே தருவதில்லை. நம்மவர் ஆங்கிலத்தில் பரப்பிய தெளிவான சொல் இது. வெளிநாட்டவருக்கு முதன்முறை எழுதும்போது மட்டும் புதிய கிழமையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: ‘டிசின்டரஸ்டட்’ என்றால் ஆர்வமில்லாதவர் என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. (தஞ்சாவூர் மாணவி)

பதில்: தேர்வில் வேண்டிய விடை இதுதான்: ‘டிசின்டரஸ்டட்’ என்பவர் தன்னலம் கலவாத நடுநிலையாளர்; ‘அனின்டரஸ்டட்’ என்பவர் ஆர்வமற்றவர். நீதிபதி முன்னவராக இருக்க வேண்டும், பின்னவராக இருக்கக் கூடாது. ஆயினும் இழந்த மதிப்பெண்ணுக்காக நீங்கள் மிகவும் வருந்த வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் இவை முதன்முதல் எழுத்தில் வந்தபோது பொருள்கள் ஏறத்தாழ இடம் மாறியே இருந்தன. பின்னர்தான் இன்றைய பிரிவு நிலைபெற்றது. அந்தப் பிரிவு பயனுள்ளது என்பதால் அதைக் காப்பாற்றவே நான் விரும்புகிறேன்.

கேள்வி: செய்தித்தாள்களில் வரும் ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லை வெளிநாட்டுத் தோழி ஒருத்திக்கு விளக்க முடியவில்லை. இது ஆங்கிலச் சொல்தானா? (புதுச்சேரி வாசகி)

பதில்: சொற்கள் ஆங்கிலம், தொடர் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தது. ‘டீசிங்’ என்றால் விளையாட்டாகச் சீண்டுதல். அண்ணன் தங்கையைக் கேலி செய்வதும் அதுவே. பேருந்திலும் தெருவிலும் பெண்கள் மீது நிகழ்த்தப்படும் வன்முறையை இந்தச் சொல்லால் குறிப்பதை நான் இக்கட்டுரையில் பேசிய மற்ற எல்லாப் பிழைகளையும்விடக் கொடிய பிழையாகக் கருதுகிறேன். மற்றவை பொருளை மாற்றுகின்றன. இது குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. ‘ஈவ்’ என்ற ஏவாளின் பெயரோ, தூண்டியவள் பெண்தான் என்ற பழைய பழியை ஓசையில்லாமல் உள்ளே கொண்டுவருகிறது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய கொடுமையால் உயிரிழந்ததைத் தொடர்ந்து தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் இருந்தது. பின்னர் ‘பெண்களைத் துன்புறுத்தல்’ என்ற பொருள்படும் ‘ஹராஸ்மென்ட்’ அவ்விடத்தில் வைக்கப்பட்டது. சட்டமே கைவிட்ட சொல்லை நாமும் கைவிடலாம். உங்கள் தோழியிடம் ‘செக்ஷுவல் ஹராஸ்மென்ட்’ என்று சொல்லுங்கள். தமிழில் பாலியல் சீண்டல் என்பதைக்கூடத் தவிர்த்துப் பாலியல் துன்புறுத்தல் என்றே எழுதுங்கள்.

கேள்வி: உணவு மட்டும் கிடைக்கும் இடத்தை ‘ஹோட்டல்’ என்கிறோம், பிளாஸ்டிக் பையைக் ‘கவர்’ என்கிறோம், வருந்தாதே என்பதற்கு ‘ஃபீல் பண்ணாதே’ என்கிறோம். ஆங்கிலத்தை இப்படிச் சிதைப்பது நமக்கு இழுக்கல்லவா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ‘ஹோட்டல்’, ‘கவர்’, ‘ஃபீல்’ ஆகியவை நம் பேச்சில் தமிழ்ச் சொற்களாகவே புழங்குகின்றன. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் குடிபெயரும் சொல் புது ஊரின் பொருளை ஏற்கும். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவரிடம் அதே சொல்லைச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். ‘ஹோட்டல்’ என்று கேட்டால் அவர் படுக்கையறை உள்ள விடுதிக்கு வழிகாட்டுவார். ‘டோன்ட் ஃபீல்’ என்றால், எதை உணரக் கூடாது என்கிறீர்கள் என்று விழிப்பார்.

ஆங்கிலமும் நம் சொற்களை இப்படித்தான் நடத்தியிருக்கிறது. நீங்கள் நாகர்கோவிலில் இருப்பதால் பக்கத்துக் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட மரக்கட்டை மிதவைகளைக் ‘கேட்டமரன்’ என்ற பெயரில் குறித்தார். அது நம் கட்டுமரம். இன்று உலகெங்கும் ‘கேட்டமரன்’ என்றால் இரண்டு உடல்களைப் பக்கவாட்டில் இணைத்துக் கட்டிய பாய்மரப் படகு, அல்லது விரைவுப் பயணக் கப்பல். அதில் மரமும் இல்லாமல் இருக்கலாம், கயிற்றுக் கட்டும் இல்லாமல் இருக்கலாம். நம் மீனவரின் கட்டுமரமோ சில மரத்துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் கட்டியது. நீர் உள்ளே புகுந்து மூழ்க அதற்கு வெற்றிடமே கிடையாது. கரையேறியதும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் மணலில் தனித்தனியே வெயிலில் காயவைத்து, மறுபடி கடலுக்குப் புறப்படும்போது திரும்பக் கட்டுவார்கள்.